கோப்புறையைப் படித்துக்கொண்டே நீக்கினால் பாதிக் கோப்புகள் ஏன் தப்பிக்கின்றன?

கேள்வியைச் சுருக்கிச் சொல்லிவிட்டுத் தொடங்குகிறேன். 4 கிலோபைட் பிளாக்குகள் கொண்ட எஸ்பிஐ நார் ஃப்ளாஷ் சிப் (மின்சாரம் போனாலும் தரவைக் காக்கும் நினைவகம்) ஒன்றின் மேல், லிட்டில்எஃப்எஸ் என்ற, சிறு கருவிகளுக்கான கோப்பு முறைமையின் மாதிரியைப் பின்பற்றி நீங்களே எழுதிய சிறிய கோப்பு முறைமை ஓடுகிறது. அதில் நான்கு தொல்லைகள். ஒரு கோப்புறையைத் திறந்து, பெயர்களை ஒவ்வொன்றாகப் படித்து, படித்ததை உடனுக்குடன் நீக்கினால், சுழற்சி முடியும்போது ஏறக்குறையப் பாதிக் கோப்புகள் மிஞ்சுகின்றன. கோப்புகள் 60ஐத் தாண்டிய கோப்புறையில் இதையே செய்தால் சில நேரம் குப்பைப் பெயர்கள் வருகின்றன, சில நேரம் படிப்பதே பிழையோடு நின்றுவிடுகிறது. உள்ளே கோப்பு இருக்கும்போதே கோப்புறையை நீக்கச் சொன்னால், எப்போதாவது மறுக்காமல் நீக்கிவிடுகிறது. கோப்புறையை நீக்கும் நொடியில் மின்சாரம் போனால், சில நாட்கள் கழித்து வேறு கோப்புறைகள் சிதைகின்றன. "பெயர்களை முதலில் ஒரு பட்டியலில் சேர்த்துக்கொண்டு, பிறகு நீக்கினால் போதாதா?" என்பது உங்கள் கேள்வி.

போதாது. முதல் தொல்லை கண்ணுக்கு மறையும், அவ்வளவுதான். இரண்டாவதன் வேரும் முதலாவதன் வேரும் ஒன்றே. அந்த வேர் பயன்பாட்டு நிரலில் இல்லை, கோப்பு முறைமையின் கமிட் ஃபங்ஷனில், அதாவது மாற்றங்களை ஃப்ளாஷில் எழுதி உறுதிசெய்யும் பகுதியில் இருக்கிறது. மூன்றாவது, ஒரு வரித் திருத்தம். நான்காவது வேறு சங்கதி, தனியாகப் பார்க்க வேண்டும்.

நார் ஃப்ளாஷில் ஒரு பிட்டை 1லிருந்து 0க்கு மாற்றலாம். திரும்ப 1 ஆக்க வேண்டுமென்றால் பிளாக் முழுவதையும் அழித்தாக வேண்டும். ஒரு பிளாக்கை இத்தனை முறைதான் அழிக்கலாம் என்ற வரம்பும் உண்டு, பெரும்பாலான நார் சிப்களுக்கு அது ஒரு லட்சத்தை ஒட்டி இருக்கும். இதனால் கோப்புறையை ஒரு அட்டவணையாக வைத்துக்கொண்டு கட்டம் கட்டமாகத் திருத்த முடியாது. நடந்ததை நடந்த வரிசையில் எழுதிக்கொண்டே போகும் லாக் ஒன்றாகத்தான் வைக்க முடியும். 'இந்த எண்ணில் ஒரு பதிவை உருவாக்கு', 'அதன் பெயர் இது', 'இந்த எண்ணில் இருந்த பதிவை நீக்கு' என்று குறிப்புகள் சேர்ந்துகொண்டே போகும். ஒவ்வொரு கமிட்டின் முடிவிலும் ஒரு சிஆர்சி, அதாவது எழுதியது சிதைந்ததா என்று காட்டும் சரிபார்ப்பு எண்.

இந்த அமைப்பில் பதிவின் எண் எங்கும் நிலையாகப் பதிந்து கிடப்பதில்லை, லாக்கை ஓட்டிப் பார்த்துக் கணக்கிட வேண்டிய ஒன்று அது. லிட்டில்எஃப்எஸ்ஸின் 32 பிட் குறிப்பில் 10 பிட் இந்த எண்ணுக்கு, 10 பிட் நீளத்துக்கு, 11 பிட் வகைக்கு, மீதி 1 பிட் குறிப்பு செல்லுபடியாகுமா என்பதற்கு. உருவாக்கும் குறிப்பின் வகைப் பகுதியில் +1 என்றும், நீக்கும் குறிப்பில் -1 என்றும் ஒரு குறியுள்ள எண்ணே அடங்கியிருக்கிறது. அந்த இடத்துக்கு மேலே இருக்கும் பதிவுகளெல்லாம் எவ்வளவு நகர வேண்டும் என்பதை அது சொல்கிறது. பெயர்கள் அகரவரிசையில் நிற்பதும் இப்படித்தான்: புதிய பெயர் நடுவில் நுழைகிறது, பின்னால் இருப்பவை ஓர் எண் தள்ளிப்போகின்றன.

இப்போது உங்கள் சுழற்சியைக் கையால் ஓட்டிப் பாருங்கள். கோப்புறையில் அ, ஆ, இ, ஈ, உ என்று 5 கோப்புகள், எண்கள் 0 முதல் 4 வரை. ஹேண்டிலில், அதாவது திறந்த கோப்புறைக்காக நிரல் கையில் வைத்திருக்கும் விவரத்தில், 'அடுத்துப் படிக்க வேண்டிய எண்' என்று ஒரு புலம் இருக்கிறது, தொடக்கத்தில் அது 0. முதல் முறை படித்ததும் அ வருகிறது, புலம் 1 ஆகிறது. அ-வை நீக்குகிறீர்கள். லாக்கில் 'நீக்கு, எண் 0' என்று ஒரு குறிப்பு சேர்கிறது. அந்த நிமிடமே ஆ 0 ஆகவும், இ 1 ஆகவும், ஈ 2 ஆகவும், உ 3 ஆகவும் இறங்கிவிட்டன. ஹேண்டிலுக்கு இது தெரியாது. அது எண் 1ஐக் கேட்கிறது, இ வருகிறது. ஆ தப்பியது. இ-யை நீக்கினால் ஈ 1க்கும் உ 2க்கும் வருகின்றன. ஹேண்டில் 2ஐக் கேட்கிறது, உ வருகிறது, ஈ தப்பியது. முடிவில் மிஞ்சியவை ஆ, ஈ. ஒன்றுவிட்டு ஒன்று மிஞ்சுவது ஒரு முத்திரை போன்றது. பிழை அறிக்கையில் இந்த வடிவத்தைப் பார்த்தால் வேறெங்கும் தேட வேண்டாம்.

இதே நிரல் முன்பு ஃபேட் கோப்பு முறைமையில் ஒழுங்காக ஓடியது என்று எழுதியிருந்தீர்கள். ஓடியிருக்கும். ஃபேட்டில் ஒவ்வொரு பதிவும் 32 பைட் கட்டம், நீக்கினால் அந்தக் கட்டத்தின் முதல் பைட்டில் 229 என்ற மதிப்பை எழுதிவிடுவார்கள். கட்டம் இருந்த இடத்திலேயே இருக்கும், மற்றவை அசையாது. அதனால் படித்துக்கொண்டே நீக்கும் பழக்கம் அங்கே தண்டிக்கப்படுவதே இல்லை. பயன்பாட்டு நிரலை எழுதியவர் மேல் பழி போடவும் முடியாது. போசிக்ஸ் (யூனிக்ஸ் வகை இயங்குதளங்களுக்கான பொதுத் தரம்) விதிப்படி, கோப்புறையைத் திறந்த பிறகு சேர்க்கப்பட்ட அல்லது நீக்கப்பட்ட கோப்பு பட்டியலில் வருமா வராதா என்பதுதான் வரையறுக்கப்படாதது. தொடப்படாத கோப்புகள் ஒழுங்காக வந்தாக வேண்டும். ஆ-வை யாரும் தொடவில்லை. அது வராமல் போனது கோப்பு முறைமையின் குற்றம்.

எதிர்த்திசையிலும் இதே பிழை உண்டு, அதை நீங்கள் இன்னும் சந்திக்கவில்லை போலிருக்கிறது. பாதி படித்திருக்கும்போது, ஏற்கெனவே கடந்துவிட்ட இடத்தில் ஒரு புதிய கோப்பு நுழைந்தால் எல்லாம் ஓர் எண் மேலே தள்ளும், கடைசியாகப் படித்த பெயரே மறுபடி வரும். கோப்புகளை ஒவ்வொன்றாக எடுத்து வெளியே அனுப்பும் கருவியில் இது ஒரே தரவை இரண்டு முறை அனுப்பும். அந்தப் பக்கத்துப் பொறியாளர் இணைப்பைச் சந்தேகித்துக்கொண்டிருப்பார்.

திருத்தம் என்ன? திறந்திருக்கும் ஒவ்வொரு ஹேண்டிலையும் கோப்பு முறைமை அறிந்திருக்க வேண்டும். கமிட் வெற்றியடைந்ததும் அவற்றை நகர்த்த வேண்டும். லிட்டில்எஃப்எஸ் செய்வது இதுதான்: திறந்த கோப்புகளும் கோப்புறைகளும் ஒரே இணைப்புப் பட்டியலில் நிற்கின்றன, கமிட் ஃபங்ஷனின் கடைசிப் பகுதி அந்தப் பட்டியலைச் சுற்றிவருகிறது. யாஃப்ஸ் என்ற மற்றொரு ஃப்ளாஷ் கோப்பு முறைமை தன் கோப்புறை மரத்தை ரேமில் வைத்திருப்பதால் அங்கே எண் கிடையாது, தேடல் சூழல் என்ற ஒன்று அடுத்த பொருளை நேராகச் சுட்டிக்கொண்டிருக்கும். அந்தப் பொருளே நீக்கப்பட்டால், நீக்கும் ஃபங்ஷன் எல்லாத் தேடல் சூழல்களையும் பார்த்து, அதைச் சுட்டுபவற்றை அடுத்ததற்கு நகர்த்திவிடுகிறது. உத்தி வேறு, கடமை ஒன்று: மாற்றுகிறவர்தான் சொல்ல வேண்டும்.

பட்டியலுக்குத் தனி நினைவகம் ஒதுக்க வேண்டியதில்லை. கோப்பு ஹேண்டில், கோப்புறை ஹேண்டில் இரண்டின் தொடக்கத்திலும் ஒரே வரிசையில் நான்கு புலங்களை வையுங்கள்: அடுத்த ஹேண்டிலின் முகவரி, எண், வகை, பிளாக் இணையின் (கோப்புறையின் லாக் மாறி மாறி எழுதப்படும் இரண்டு பிளாக்குகளின்) பிரதி. பட்டியலின் தலை கோப்பு முறைமையின் கட்டமைப்பில் இருக்கட்டும். திறக்கும்போது சேருங்கள், மூடும்போது எடுங்கள்.

நகர்த்தும் விதிகளை எழுதும்போது கவனம் முழுவதும் 'சமம்' என்ற இடத்தில் இருக்கட்டும். நீக்கப்பட்ட எண் ஹேண்டிலின் எண்ணைவிடச் சிறியதென்றால் ஹேண்டில் 1 குறையும். பெரியதென்றால் ஒன்றும் செய்ய வேண்டாம். இரண்டும் சமமாக இருந்தால்? கோப்பு ஹேண்டிலின் எண் அந்தக் கோப்பையே குறிக்கிறது. எனவே சமம் என்றால் திறந்திருக்கும் கோப்பே போய்விட்டது என்று பொருள், அதன் பிளாக் இணையை வெறுமையாக்க வேண்டும். கோப்புறை ஹேண்டிலின் எண் 'அடுத்துப் படிக்க வேண்டியது'. அங்கே சமம் என்றால் இன்னும் படிக்காத ஒன்று போய்விட்டது, அதற்குப் பின்னால் இருந்தது தானாகவே அதே எண்ணுக்கு இறங்கிவிட்டது, ஹேண்டிலைத் தொடவே கூடாது. நீங்கள் அனுப்பிய அரைகுறைத் திருத்தத்தில் வகையைப் பார்க்காமல் இரண்டையுமே வெறுமையாக்குகிறீர்கள். வேறொரு டாஸ்க் 'அடுத்த' கோப்பை நீக்கும் நேரத்தில் உங்கள் படிப்பு பிழையோடு நிற்பதற்கு இதுவே காரணம். வகை கோப்புறையா என்று ஒரு நிபந்தனை சேர்த்தால் தீர்ந்தது.

உருவாக்கும்போது, புதிய எண் ஹேண்டிலின் எண்ணைவிடச் சிறியதென்றால் 1 கூட்டுங்கள். சமமென்றால் கோப்பு ஹேண்டிலுக்குக் கூட்டியே ஆக வேண்டும், கோப்புறை ஹேண்டிலுக்கு உங்கள் விருப்பம்: கூட்டினால் புதிய கோப்பு பட்டியலில் வராது, கூட்டாவிட்டால் வரும், இரண்டும் விதிக்கு உட்பட்டதே. நான் கூட்டுவேன். இரண்டு வகைக்கும் ஒரே வரி போதும் என்பது ஒன்று. கோப்பின் பெயரோடு ஒரு பின்னொட்டைச் சேர்த்துப் பெயர் மாற்றிக்கொண்டே போகும் சுழற்சி முடிவில்லாமல் ஓடுவதைத் தவிர்க்கலாம் என்பது மற்றொன்று. புதிய பெயர் பழைய பெயருக்கு அடுத்த இடத்தில்தானே போய் உட்காரும்.

ஒரே கமிட்டில் நீக்கலும் உருவாக்கலும் சேர்ந்து வரலாம். ஒரே கோப்புறைக்குள் பெயர் மாற்றும்போது அப்படித்தான் வரும். கூட்டிக் கழித்து ஒரே எண்ணாக்கி ஹேண்டிலில் சேர்க்கும் ஆசை வரும், வேண்டாம். குறிப்புகள் லாக்கில் விழுந்த வரிசையிலேயே ஒவ்வொன்றாக ஹேண்டிலின் மேல் ஓட்டுங்கள். கமிட் தோற்றால், எடுத்துக்காட்டாக இடமில்லை என்று திரும்பிவந்தால், ஹேண்டில்களை அசைக்கவே கூடாது. ஃப்ளாஷில் நடக்காததை ரேமில் நடந்ததாகக் காட்டினால் பழைய பிழையே தலைகீழாக வரும்.

இனி இரண்டாவது தொல்லை. கோப்புகள் 60ஐத் தாண்டும்போது ஏன் என்று பாருங்கள். உங்கள் கோப்புப் பெயர்கள் 12 எழுத்து. ஒரு பதிவுக்கு உருவாக்கும் குறிப்பு 4 பைட், பெயர்க் குறிப்பு 4, பெயர் 12, தரவு எங்கே இருக்கிறது என்று சொல்லும் குறிப்பு 4, அந்த விவரம் 8: மொத்தம் 32 பைட். லிட்டில்எஃப்எஸ் போலவே நீங்களும், சுருக்கி எழுதும்போது உயிருள்ள பதிவுகள் பிளாக்கில் பாதிக்கு மேல் போனால் கோப்புறையைப் பிளக்கிறீர்கள். 4096இல் பாதி 2048, அதை 32ஆல் வகுத்தால் 64. சிஆர்சிக்கும் பிற குறிப்புகளுக்கும் கொஞ்சம் போனால் 60ஐ ஒட்டித்தான் வரும். ஆக, குப்பைப் பெயர் வருவது கோப்புறை பிளந்த பிறகுதான்.

எண் நகர்வது போலவே இடமும் நகரும் என்பதுதான் இங்கே விஷயம். லாக் நிரம்பியதும் உயிருள்ள பதிவுகள் இணையின் மற்றொரு பிளாக்கில் சுருக்கி எழுதப்படுகின்றன. பழைய பிளாக் அடுத்த சுற்றில் அழிக்கப்படும். தேய்மானத்தைப் பரப்புவதற்காகச் சில நூறு சுற்றுகளுக்கு ஒருமுறை இணையே வேறு பிளாக்குகளுக்குக் குடிபெயரும். அளவு மீறினால் பின்பாதிப் பதிவுகள் புதிய இணை ஒன்றுக்குப் போய், முதல் இணையின் வால் சுட்டி அதைக் காட்டும். இந்த மூன்றில் எது நடந்தாலும், ஹேண்டிலில் உள்ள இணையின் பிரதி அந்த நொடியே பழங்கதை. அந்தப் பழைய பிளாக் அலோகேட்டர் (காலி பிளாக்குகளை ஒதுக்கிக் கொடுக்கும் பகுதி) வழியாக ஏதோ ஒரு கோப்பின் தரவுக்குப் போயிருந்தால், அந்தத் தரவையே நீங்கள் பெயர் என்று படித்துக்கொண்டிருக்கிறீர்கள். திறக்கும்போது ஒருமுறை சிஆர்சி பார்த்துவிட்டு, பிறகு நினைவில் வைத்த இடத்திலிருந்தே நேராகப் படிப்பதால் அதைப் பிடிக்கவும் வழியில்லை.

எனவே கமிட்டின் கடைசிப் பகுதியில், பழைய இணையைக் காட்டும் ஒவ்வொரு ஹேண்டிலுக்கும் முதலில் எண்ணைத் திருத்துங்கள், பிறகு இணையின் புதிய விவரத்தை முழுவதுமாகப் பிரதியெடுத்துக் கொடுங்கள். அதன் பின், ஹேண்டிலின் எண் இந்த இணையில் உள்ள பதிவுகளின் எண்ணிக்கைக்குச் சமமாகவோ கூடுதலாகவோ இருந்து, கோப்புறை பிளந்தும் இருந்தால், எண்ணிக்கையைக் கழித்துக்கொண்டு வால் காட்டும் இணையைப் படித்து அங்கே நகர்த்துங்கள். இது 'என்றால்' அல்ல, 'வரையில்'. ஒரே கமிட்டில் இரண்டு பிளவு நேரலாம். சிறிய பிளாக் அளவில் சோதித்தால் நேர்வதைக் கண்ணாலேயே காணலாம்.

ஒரு மூலை மீதி இருக்கிறது. பிளந்த கோப்புறையில் நடுவிலோ கடைசியிலோ உள்ள இணை, நீக்கி நீக்கிக் காலியாகிவிட்டால் அதைத் தொடரிலிருந்து கழற்றிவிடுகிறீர்கள், சரி. அந்த இணையின் மேல் நின்றிருந்த ஹேண்டில் என்ன ஆவது? அதன் பிரதியில் வால் சுட்டி சரியாகத்தான் இருக்கும், உடனே படித்தால் தப்பிக்கும். ஆனால் அந்த வால் காட்டும் இணை நாளைக்கு இடம் மாறினால், தொடரில் இருப்பவர்களுக்குத்தான் தகவல் போகும், கழற்றப்பட்டதன் பிரதிக்குப் போகாது. கழற்றும்போதே ஹேண்டிலைப் பின்னால் உள்ள இணையின் எண் 0க்கு மாற்றிவிடுங்கள். பின்னால் ஒன்றும் இல்லையென்றால் முன்னால் உள்ள இணையின் முடிவில் நிறுத்துங்கள்.

இதையெல்லாம் செய்த பிறகும் பெயர் மாற்றும்போது அரிதாகச் சிதைவு வந்தால், பயனர் திறந்த ஹேண்டில்களை விட்டுவிட்டு உங்கள் சொந்த ஃபங்ஷன்களின் ஸ்டேக்கை, அதாவது உள்ளூர் மாறிகள் தங்கும் நினைவகத்தைப் பாருங்கள். ஒரு கோப்பை வேறு கோப்புறைக்கு மாற்றும் ஃபங்ஷன், பழைய கோப்புறை, புதிய கோப்புறை இரண்டின் பிரதிகளையும் உள்ளூர் மாறிகளாக வைத்திருக்கிறது. புதியதில் கமிட் செய்கிறீர்கள். அந்த இணை தேய்மானக் கணக்கால் குடிபெயர்கிறது. குடிபெயர்ந்தால் அதன் புதிய முகவரியைப் பெற்றோர்க் கோப்புறையில் எழுத வேண்டும், அதாவது பெற்றோரிலும் ஒரு கமிட். அந்தப் பெற்றோர்தான் நீங்கள் கையில் வைத்திருக்கும் பழைய கோப்புறை என்றால்? உங்கள் உள்ளூர்ப் பிரதி காலாவதியாகிவிட்டது, அடுத்த வரியில் அதை வைத்தே பழைய பதிவை நீக்கப்போகிறீர்கள். கமிட்டைக் கடந்து உயிரோடிருக்கும் எந்தப் பிரதியும், ஸ்டேக்கில் இருந்தாலும், தற்காலிகமாகப் பட்டியலில் சேர்ந்தாக வேண்டும். லிட்டில்எஃப்எஸ்ஸிலும் நீக்கும் ஃபங்ஷனும் பெயர் மாற்றும் ஃபங்ஷனும் இப்படித் தங்கள் உள்ளூர்ப் பிரதியைப் பட்டியலில் செருகிவிட்டுத்தான் வேலையைத் தொடங்குகின்றன. முதல் வாசிப்பில் தேவையற்றதாகத் தோன்றும் அந்த வரிகள், மிக அரிதாக ஏதோ ஒரு கமிட்டில் மட்டும் வாய்க்கும் ஒரு பிழையை அடைக்கின்றன.

இந்தத் திருத்தத்துக்கு ஒரு விலையும் உண்டு, மறைக்கக் கூடாது. இதுவரை ஹேண்டிலை மூட மறந்த நிரல் ஒரு தீங்கும் செய்யாமல் தப்பித்துக்கொண்டிருந்தது. இனி, ஸ்டேக்கில் ஹேண்டிலைத் திறந்துவிட்டு, பிழை வந்ததும் மூடாமல் பாதியில் திரும்பும் ஃபங்ஷன், பட்டியலில் செத்த முகவரி ஒன்றை விட்டுச்செல்லும். அடுத்த கமிட் அந்த முகவரியில் எழுதும். உங்கள் பயன்பாட்டு நிரலில் அப்படி இரண்டு மூன்று இடமாவது இருக்கும் என்று அடித்துச் சொல்வேன். திறக்கும்போது 'ஏற்கெனவே பட்டியலில் இல்லை' என்பதையும், மூடும்போது 'பட்டியலில் இருக்கிறது' என்பதையும் சோதனைக் கட்டமைப்பில் உறுதிசெய்து, தவறினால் அங்கேயே நிறுத்துங்கள்.

மாற்று வழி ஒன்று இருக்கிறது. பதிவுகள் அகரவரிசையில் இருப்பதால், எண்ணுக்குப் பதில் கடைசியாகக் கொடுத்த பெயரையே ஹேண்டிலில் வைத்து, ஒவ்வொரு முறையும் 'இதைவிட அடுத்த பெயர் எது' என்று தலையிலிருந்து தேடலாம். எதுவும் நகர்ந்தாலும் பாதிப்பில்லை, பட்டியலும் வேண்டாம். ஹேண்டிலுக்கு ஒரு பெயரளவு ரேம் கூடும், ஒவ்வொரு படிப்பும் தொடரைத் தலையிலிருந்து நடக்கும். கோப்புறைகள் சிறியவை, பெயர்கள் 32 பைட்டுக்குள் என்றால் நான் தயங்காமல் இதைத்தான் எடுப்பேன். ஆனால் திறந்த கோப்புகளுக்காக உங்களுக்குப் பட்டியல் எப்படியும் வேண்டியிருக்கிறது, நூற்றுக்கணக்கான கோப்புகளும் இருக்கின்றன. பட்டியலோடு போங்கள்.

மூன்றாவது தொல்லைக்கு வருவோம். கோப்புறை காலியா என்று பார்க்கும் இடத்தில், தலை இணையின் எண்ணிக்கை 0 ஆக இருந்தால் போதும் என்று விட்டிருக்கிறீர்கள். பிளந்த கோப்புறையில் தலை இணை மட்டும் காலியாகிக் கிடக்கலாம். அதைப் பெற்றோர் சுட்டிக்கொண்டிருப்பதால் மற்ற காலி இணைகளைப் போல எளிதில் கழற்ற முடியாது. எண்ணிக்கை 0, பிளவும் இல்லை என்ற இரண்டும் சேர்ந்தால்தான் காலி. சொன்னேனே, ஒரு வரி.

நான்காவதுதான் உண்மையில் ஆபத்தானது. முதலிரண்டும் ரேமில் நடக்கும் குழப்பம், மறுதொடக்கம் செய்தால் தெளிந்துவிடும். இது ஃப்ளாஷிலேயே பதிகிறது.

உங்கள் அமைப்பில் ஒவ்வொரு கோப்புறையையும் இருவர் சுட்டுகிறார்கள்: பெற்றோரில் உள்ள பதிவு ஒன்று, எல்லா இணைகளையும் கோத்துச் செல்லும் பெருந்தொடரில் முன்னால் இருப்பவரின் வால் சுட்டி மற்றொன்று. அலோகேட்டர் எந்த பிளாக் பயன்பாட்டில் இருக்கிறது என்று அறியப் பெருந்தொடரைத்தான் நடந்து பார்க்கிறது. இரண்டு சுட்டிகளும் வெவ்வேறு பிளாக்குகளில் இருப்பதால் ஒரே கமிட்டில் இரண்டையும் மாற்ற முடியாது. இடையில் மின்சாரம் போகத்தான் போகிறது. எந்தப் பாதி முதலில் என்பதே கேள்வி.

நீங்கள் தொடரிலிருந்து முதலில் எடுத்துவிட்டு, பிறகு பெற்றோரில் நீக்குகிறீர்கள். நடுவில் மின்சாரம் போனால், பெற்றோர் சுட்டும் கோப்புறை தொடரில் இல்லை. பயனருக்கு அது தெரிகிறது, திறக்கிறது, உள்ளே கோப்புகூட எழுதலாம். அலோகேட்டருக்கு மட்டும் அந்த பிளாக்குகள் காலி. சில நாட்கள் கழித்து வேறொரு கோப்புக்கு அவற்றை எடுத்துக் கொடுக்கும். அதனால்தான் சிதைவு தாமதமாக, சம்பந்தமில்லாத இடத்தில் வெளிப்படுகிறது.

வரிசையைத் திருப்புங்கள். நீக்கும்போது பெற்றோரில் முதலில் நீக்கி, தொடரிலிருந்து கடைசியில் எடுங்கள். நடுவில் மின்சாரம் போனால் தொடரில் பெற்றோரில்லாத இணை ஒன்று மிஞ்சும். இரண்டு பிளாக் வீண், வேறு சேதம் கிடையாது. இந்த அநாதைகளை, மவுண்ட் செய்த (கோப்பு முறைமையை இயக்கத்துக்குக் கொண்டுவந்த) பிறகு, ஃப்ளாஷில் முதல் முறை எழுதுவதற்கு முன்னால் தேடிக் கழற்றிவிடலாம். உருவாக்கும்போது இதற்கு எதிர்: முதலில் தொடரில் கோத்துவிட்டு, பிறகே பெற்றோரில் பதிவு. தொடரில் முதலில் நுழை, கடைசியில் வெளியேறு என்று நிரலின் தலைப்பில் எழுதி வைத்துவிடுங்கள். ஒவ்வோர் இணைக்கும் பெற்றோரைத் தேடுவதால், அநாதைத் தேடல் கோப்புறை எண்ணிக்கையின் இருமடிப் போக்கில் கூடும். லிட்டில்எஃப்எஸ் இதைத் தவிர்க்க, 'அநாதை இருக்கலாம்' என்ற குறியை எல்லா இணைகளிலும் சிறு துண்டுகளாகப் பரப்பி வைத்து, மவுண்ட் செய்யும்போது எக்ஸ்ஓஆர் (பிட்டுக்குப் பிட் ஒப்பிடும் கணக்கு) செய்து திரட்டிப் பார்க்கிறது. குறி இல்லையென்றால் தேடவே தேடாது. உங்களிடம் பத்துப் பதினைந்து கோப்புறைதான் என்றால் குறியெல்லாம் வேண்டாம், ஒவ்வொரு முறையும் தேடிவிடுங்கள்.

ஜேஎஃப்எஃப்எஸ்2 என்ற, லினக்ஸின் ஃப்ளாஷ் கோப்பு முறைமையில் இதற்கு உறவான சிக்கல் ஒன்று உண்டு. அங்கே நீக்கம் என்பது, அதே பெயரோடு ஐநோடு எண் (கோப்பின் அடையாள எண்) 0 கொண்ட புதிய பதிவு ஒன்றை எழுதுவது. நாண்ட் என்ற மற்றொரு வகை ஃப்ளாஷில் பழைய பதிவின் மேல் 'செல்லாது' என்று குறிக்க வழியில்லை. அதனால் பழைய பதிவு ஃப்ளாஷில் எங்காவது அழியாமல் கிடக்கும் வரை, நீக்கப் பதிவையும் குப்பை சேகரிப்பு தூக்கி எறியக் கூடாது. எறிந்தால் அடுத்த மவுண்டில், நீக்கிய கோப்பு உயிர்த்தெழும். சாட்சியைவிட முன்னால் தீர்ப்பைக் கிழித்துப்போட்டால் வழக்கு மறுபடி தொடங்குவது போல.

திருத்தம் சரியா என்பதைக் கருவியில் வைத்துச் சோதிக்காதீர்கள், அங்கே நல்ல நாளும் கெட்ட நாளும் ஒன்றுபோலத் தெரியும். ரேமில் ஒரு போலி ஃப்ளாஷ் எழுதுங்கள்: எழுதினால் 1லிருந்து 0க்கு மட்டும் மாறட்டும், அழிக்காமல் 1 ஆக்க முயன்றால் நிற்கட்டும். பிளாக் அளவை 512க்கு இறக்குங்கள், பிளவு சில கோப்புகளிலேயே வந்துவிடும். குடிபெயரும் சுற்று எண்ணிக்கையை 1 ஆக்குங்கள், ஒவ்வொரு சுருக்கலும் இடமாற்றமாகும். இதன் பக்கத்தில் பெயர்களின் எளிய தொகுப்பு ஒன்றை ரேமில் வைத்துக்கொண்டு, ஒரு கோப்புறை ஹேண்டில் திறந்திருக்க, தற்செயல் வரிசையில் உருவாக்கு, நீக்கு, பெயர் மாற்று என்று ஓட்டி இடையிடையே படியுங்கள். சரிபார்க்க வேண்டியது ஒன்றுதான்: திறந்த நொடி முதல் படித்து முடியும் வரை தொடப்படாமல் இருந்த ஒவ்வொரு கோப்பும் சரியாக ஒருமுறை வந்ததா? இரண்டு முறை வந்தாலும் தோல்வி, வராவிட்டாலும் தோல்வி.

மின்தடைக்கு, எழுதும் தடவைகளைக் கணக்கிடும் ஓர் எண்ணியைப் போலி ஃப்ளாஷில் வையுங்கள். முதல் முறை எழுதும்போதே நிறுத்துங்கள், மறுபடி மவுண்ட் செய்து பாருங்கள். பிறகு இரண்டாவது முறை எழுதும்போது, மூன்றாவது முறை எழுதும்போது என்று, செயல் முழுவதும் முடியும் வரை. ஒவ்வொரு நிறுத்தத்துக்குப் பிறகும் கோப்புறை பழைய நிலையில் அல்லது புதிய நிலையில் இருக்க வேண்டும். அதோடு, மரத்தில் எட்டக்கூடிய ஒவ்வொரு கோப்புறையும் தொடரிலும் இருக்கிறதா என்று பாருங்கள். இந்தச் சோதனை முன்பே இருந்திருந்தால் நான்காவது தொல்லை முதல் நாளே அகப்பட்டிருக்கும். எழுதுவதைப் பாதிப் பக்கத்தில் வெட்டும் வகையையும் சேருங்கள். சிஆர்சிக்கு உண்மையான வேலை அங்கேதான்.

ஏற்கெனவே வெளியே போன கருவிகளுக்கு: ஃப்ளாஷில் உள்ள வடிவம் எதுவும் மாறாததால் புதிய ஃபர்ம்வேரை அப்படியே ஏற்றலாம். ஆனால் அவற்றில் சிலவற்றில், தொடரில் இல்லாத கோப்புறைகள் இப்போதே கிடக்கும். புதிய ஃபர்ம்வேரின் முதல் மவுண்டில் வேரிலிருந்து மரத்தை நடந்து, தொடரையும் நடந்து, மரத்தில் இருந்து தொடரில் இல்லாதவற்றைத் தொடரில் கோத்துவிடுங்கள். அலோகேட்டர் முதல் பிளாக்கைக் கொடுக்கும் முன்னாலேயே இது நடக்க வேண்டும். கோக்கும்போது புதிய பிளாக் தேவைப்பட்டால், மரத்திலும் தொடரிலும் கண்ட எல்லா பிளாக்குகளையும் பயன்பாட்டில் உள்ளவை என்று கணக்கில் வைத்துக்கொண்டே கொடுங்கள். சிஆர்சி தவறும் கோப்புறையைக் கோக்க வேண்டாம், அதன் பிளாக் வேறொருவருக்குப் போய்விட்டது, பெற்றோரில் உள்ள பதிவை மட்டும் நீக்கிவிடுங்கள்.

புதிய ஃபர்ம்வேர் போகும் வரை நீங்கள் கேட்ட பெயர்ப் பட்டியல் உத்தியைப் பயன்படுத்துவதில் தவறில்லை, ரேம் போதுமென்றால். போதாவிட்டால், ஒவ்வொரு நீக்கத்துக்குப் பிறகும் கோப்புறையை மூடித் திறந்து முதல் பதிவை எடுக்கலாம். எல்லாவற்றையும் நீக்கும் சுழற்சிக்குத்தான் அது பொருந்தும். பழையவற்றை மட்டும் பொறுக்கி நீக்கும் சுழற்சியில், நீக்காமல் விட்ட முதல் கோப்பையே அது திரும்பத் திரும்பப் பார்த்துக்கொண்டிருக்கும். அங்கே கடைசியாக விட்டுவைத்த பெயரை நினைவில் வைத்து, அதுவரை தாண்டிப் போக வேண்டும்.

திருத்தங்களை நான்கு தனித்தனிக் கமிட்டுகளாக உங்கள் நிரல் களஞ்சியத்தில் போடுங்கள், மின்தடைத் திருத்தம் முதலில். மற்றவற்றைப் பரிசீலிக்க நாளானாலும் அது காத்திருக்க வேண்டியதில்லை.